எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறீர்களா? சத்தத்துக்கு ஒரு வழி, பவருக்கு வேறு வழி

காரின் எக்ஸாஸ்ட்டை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆசைகளை ஒரே மூச்சில் சொல்வார்கள். சத்தம் கம்பீரமாக வேண்டும், பவரும் கொஞ்சம் கூட வேண்டும். கடையிலும் இரண்டுக்கும் சேர்த்தே தலையாட்டுவார்கள். என் கருத்து வேறு. நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்களைப் பொறுத்தவரை சத்தமும் பவரும் தனித்தனிச் சரக்கு. சத்தம் மாறும் இடம் காரின் பின்பக்கம். பவர் கிடைக்கும் இடம், கிடைத்தால், எஞ்சினுக்குப் பக்கத்தில். இரண்டையும் ஒரே செலவில் வாங்கப் போனால் பெரும்பாலும் சத்தம் மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. இரண்டு கார்களை வைத்துப் பேசுகிறேன். ஒன்று, மாருதி ஸ்விஃப்ட்டில் 2021 முதல் 2024 வரை வந்த நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் எஞ்சின். டர்போ கிடையாது, பவர் 90 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஓர் அளவு). இன்னொன்று, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் ஆகியவற்றில் வரும் மூன்று சிலிண்டர் 1.0 டிஎஸ்ஐ. டர்போ உண்டு, 115 பிஎஸ், டார்க் எனும் இழுவிசை 178 நியூட்டன் மீட்டர். உங்கள் கார் வேறாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் வரும். டீசல் காரை இதில் சேர்க்கவில்லை. டீசல் எஞ்சினின் சத்தம் எந்த சைலன்சரிலும் இனிமையாகாது, அதிலிருக்கும் துகள் வடிகட்டியில் கை வைக்கவும் கூடாது.

முதலில் அடியில் பாருங்கள்

லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று முன்னாலிருந்து பின்னால் பார்த்தால் விஷயம் எளிது. எஞ்சினை ஒட்டி, எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்ட். அதோடு ஒட்டிக்கொண்டு, புகையைச் சுத்திகரிக்கும், நாம் சுருக்கமாக கேட் என்று சொல்லும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதற்கப்புறம் எஞ்சின் ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ள வலை சுற்றிய ஒரு வளையும் குழாய். நடுவில் நீளக் குழாய், அதில் சின்ன உருளையாக ரெசொனேட்டர். பின் ஆக்சிலைத் தாண்டியதும் பெரிய சைலன்சர், கடைசியில் வெளியே தெரியும் வால் முனையான டிப்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இங்கேயே ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டும். குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் தட்டுகள் சேரும் இடத்தில் கரி படிந்து கறுப்பாகக் கோடு இழுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேஸ்கெட் போய்விட்டது, புகை அங்கேயே கசிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்குகிறது என்றால் மேனிஃபோல்ட் பக்கம் கசிவு இருக்கலாம். தொங்கும் ரப்பர்களைக் கையால் இழுத்துப் பாருங்கள், வெடித்திருக்கும். சைலன்சரின் தையல் ஓரத்தில் துரு பொத்தல் போட்டிருக்கலாம். கார் பழசாகிவிட்டது, சத்தம் ஒரு மாதிரி கரகரக்கிறது, இழுவையும் குறைந்த மாதிரி இருக்கிறது என்று எக்ஸாஸ்ட் மாற்ற வருகிற பல கார்களுக்கு வேண்டியது ஒரு கேஸ்கெட்டும் நாலு ரப்பரும்தான். மேனிஃபோல்டுக்கும் முதல் ஆக்சிஜன் சென்சருக்கும் நடுவில் கசிவு இருந்தால் அந்த சென்சர் வெளிக்காற்றையும் சேர்த்து முகர்ந்து, எரிபொருள் குறைவு என்று தப்புக் கணக்குப் போடும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதை நம்பி பெட்ரோலைக் கூட ஊற்றும். மைலேஜ் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே ஒப்பீட்டில் முதல் வழி இதுதான்: கம்பெனி எக்ஸாஸ்ட்டையே சரி செய்து வைத்துக்கொள்வது. செலவு குறைவு, சட்டச் சிக்கல் இல்லை, வாரண்டிக்கு ஆபத்தில்லை. சத்தம் புதிதாக எதுவும் கிடைக்காது, போன பவர் திரும்பும்.

"பேக் பிரஷர் வேண்டும்" என்ற பேச்சு

எக்ஸாஸ்ட் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் தேவை, இல்லாவிட்டால் டார்க் போய்விடும் என்பார். பாதி அனுபவம், பாதி தப்பு விளக்கம். எந்த எஞ்சினுக்கும் பின்னழுத்தம் தேவையில்லை. அது இருக்கும்வரை பிஸ்டன் தன் சக்தியைச் செலவழித்துப் புகையை வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

தேவைப்படுவது வேகம். சரியான அளவுக் குழாயில் புகை வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறக்கும் அந்தச் சில டிகிரி நேரத்தில், இந்தக் குறைவு சிலிண்டரில் மிஞ்சிய புகையை உறிஞ்சி எடுத்து, புதுக் காற்று உள்ளே வர இடம் கொடுக்கிறது. 90 பிஎஸ் எஞ்சினுக்கு இரண்டரை அங்குலக் குழாய் போட்டால் புகை விரிந்து, குளிர்ந்து, சோம்பி நகரும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போவது அதனால்தான். அனுபவம் உண்மை, காரணம்தான் வேறு. ஸ்விஃப்ட் போன்ற காருக்கு ஒன்றேமுக்கால் அங்குலமே போதும், இரண்டைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. பெரிய குழாய்தான் நல்ல குழாய் என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுவது நல்லது.

டர்போ காரில் கணக்கு மாறும். டர்போவுக்குள் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் சக்கரம் சீக்கிரம் சுழலும். அதனால் டர்போவுக்குப் பின்னால் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எக்ஸாஸ்ட் மாற்றி உண்மையாகவே பவர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் டர்போ கார்க்காரர்களாக இருப்பது இதனால்தான்.

மலிவான வழி: ரெசொனேட்டரை வெட்டுவது

டிப் மட்டும் மாற்றுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது அலங்காரம். அதற்கடுத்த மலிவான வேலை ரெசொனேட்டரை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் வெல்டிங் செய்வது. சில ஆயிரங்களில் முடிந்துவிடும், அதனால்தான் பலர் இதில் ஆரம்பிக்கிறார்கள். நான் பார்த்தவரை அதிகம் வருத்தப்படுகிறவர்களும் இவர்கள்தான்.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிப்பு நடக்கிறது. 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, 100 எரிப்பு. ஆக 100 ஹெர்ட்ஸில் ஒரு கனமான ஒலி எக்ஸாஸ்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன பெட்ரோல் கார்கள் ஐந்தாவது கியரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆர்பிஎம் இந்தப் பக்கம்தான் நிற்கும். கார் உட்புறத்தின் காற்று, கூரைத் தகடு, பின் கதவு எல்லாம் இந்த மாதிரித் தாழ்ந்த ஒலிக்கு எளிதாக அதிரக்கூடியவை. இதைத்தான் ட்ரோன் என்கிறார்கள். ஊருக்குள் ரெண்டாவது கியரில் விரட்டும்போது ஆஹா என்று இருந்த அதே எக்ஸாஸ்ட், சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேருவதற்குள் தலைவலியாகிவிடும். ஓட்டுகிறவருக்குப் பிடித்திருக்கும். பின் சீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் குழந்தைக்கும் காது அடைத்துப்போகும், அவர்கள் சைலன்சருக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரெசொனேட்டர் என்ற அந்தச் சின்ன உருளை, இந்த மாதிரி காதை உறுத்தும் அலைவரிசைகளைத் தேடி அடக்குவதற்காகவே வைக்கப்பட்டது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் எரிப்பு 240 டிகிரிக்கு ஒரு முறை, சுற்றுக்கு ஒன்றரை. அதே 3000-இல் 75 ஹெர்ட்ஸ் வரும். இன்னும் தாழ்ந்த ஒலி, இன்னும் அடக்கக் கடினம். ரெசொனேட்டரை எடுத்தால் பவர் கூடுவதும் இல்லை. அதன் உள்ளே பெரும்பாலும் துளையிட்ட நேர்க்குழாய்தான் ஓடுகிறது, புகைக்கு அது தடையே இல்லை.

நான் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். வேறு சைலன்சர் போட்டு ட்ரோன் வந்துவிட்டால், குழாயின் பக்கவாட்டில் மூடிய முனையுடன் ஒரு கிளைக்குழாய் வைத்து அதைக் கொல்லலாம். ஜே பைப் என்பார்கள். உள்ளே போன அலை மூடிய முனையில் மோதித் திரும்பும்போது எதிர் அலையாக வந்து அந்த ஒலியை அழிக்கும். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும் என்று வைத்தால், 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளத்தில் கால்பங்கு 1.25 மீட்டர். அவ்வளவு நீளக் கிளைக்கு ஸ்விஃப்ட்டின் அடியில் இடம் தேடுவது பெரும்பாடு. இருக்கிற ரெசொனேட்டரை விட்டுவைப்பது எவ்வளவோ மேல்.

பின் சைலன்சர் மட்டும்: சத்தத்துக்கு இதுதான் சரியான இடம்

பின் ஆக்சிலுக்கு அப்புறம் உள்ள பகுதியை மட்டும் மாற்றுவதை ஆக்சில்பேக் என்கிறார்கள். நம் ஊரில் எண்ட் கேன் மாற்றுவது என்றாலும் புரியும். டர்போ இல்லாத கார் வைத்திருந்து, எக்ஸாஸ்ட்டில் கை வைத்தே தீருவேன் என்பவருக்கு நான் சொல்லும் ஒரே வழி இது.

கம்பெனி சைலன்சருக்குள் பெரும்பாலும் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். புகை அவற்றில் மோதித் திரும்பித் திரும்பிப் போகும். ஒலி நன்றாக அடங்கும், புகைக்கும் சற்றுத் தடை. மாற்றுச் சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை நேர்வழி வகை: நடுவில் துளையிட்ட குழாய், அதைச் சுற்றி கண்ணாடி இழை அல்லது பசால்ட் இழை அடைப்பு, வெளியே உருளை. இது மேல் சுரங்களை உறிஞ்சிக்கொண்டு கீழ்ச் சுரங்களை விட்டுவிடும். சத்தம் ஆழமாகத் தெரிவது அதனால். உருளை எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. குட்டையான கேன் போட்டால் தகர டப்பா மாதிரி கரகரக்கும், அந்த ஓசை கொஞ்ச நாளிலேயே சலித்துவிடும்.

இந்த இழை அடைப்பு காலப்போக்கில் எரிந்து, தூளாகி, வால் வழியே பறந்துவிடும். புதிதாகப் போட்டபோது கச்சிதமாக இருந்த சத்தம் இரண்டு மூன்று வருடத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஆவது இப்படித்தான். அதனால் வாங்கும்போதே, பிரித்து மறுபடி அடைக்க முடிகிற கேனா என்று கேளுங்கள். எண்ட் கேப் ரிவெட்டிலோ போல்ட்டிலோ இருந்தால் முடியும். முழுக்க வெல்டிங் என்றால் அடைப்பு போனதும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பவர்? ஸ்விஃப்ட்டில் அநேகமாக எதுவும் இல்லை. 1 அல்லது 2 பிஎஸ் கூடியதாக, பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தின் காகிதம் காட்டினால் அதை நம்பி மகிழ வேண்டாம். காலைக் குளிர்ச்சியில் ஓட்டியதற்கும் மதிய வெயிலில் ஓட்டியதற்குமே அவ்வளவு வித்தியாசம் வரும். ஆனால் இந்த வழியில் பெரிய நன்மை ஒன்று உண்டு. கேட், சென்சர் எதையும் தொடவில்லை. பழைய சைலன்சரை அரைநாளில் திரும்ப மாட்டிவிடலாம்.

கேட்பேக்

கேட்டுக்கு அப்புறம் வால் வரை முழுக்க மாற்றுவது. அக்ரபோவிச், ரீமஸ், போர்லா மாதிரி வெளிநாட்டுப் பெயர்கள் பெரிய கார்களுக்குச் செய்து தருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை. விலை லட்சங்களில் போகும். நம் சின்ன கார்களுக்கு உள்ளூரில் குழாய் வளைத்துச் செய்வார்கள்.

ஸ்விஃப்ட்டுக்கு இது தேவையில்லாத செலவு. இது கொடுக்கும் சத்தத்தில் பெரும்பகுதியை ஆக்சில்பேக்கே கொடுத்துவிடும், பவர் வித்தியாசம் ஓட்டும்போது தெரியாது. டிஎஸ்ஐ-க்கு ஓரளவு அர்த்தம் உண்டு, அதுவும் ஈசியூ மென்பொருளை மாற்றும் ரீமேப் செய்த பிறகு. அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினில் நல்ல கேட்பேக் கொடுக்கும் ஓசை எனக்கு மிகவும் பிடிக்கும். 240 டிகிரி இடைவெளி என்பதால் அது ஆறு சிலிண்டரின் ஒரு பாதி போலவே ஒலிக்கும். 4000-க்கு மேல் ஒரு மெல்லிய உறுமல் எழுந்து இழுத்துக்கொண்டு போகும். நான்கு சிலிண்டரில் அந்தச் சுகம் வராது. டர்பைன் ஏற்கெனவே ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், அதே சைலன்சர் டர்போ காரில் கட்டுப்பாட்டோடு இருக்கும்.

ஹெட்டர், டவுன்பைப்

இங்கேதான் பவர் இருக்கிறது, இங்கேதான் சிக்கலும் இருக்கிறது.

டர்போ இல்லாத எஞ்சினில் கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதிலாக நீளம் சமப்படுத்திய குழாய்களுடன் ஹெட்டர் போடலாம். நான்கும் ஒரே இடத்தில் சேர்வது 4-1, மேல் ஆர்பிஎம்மில் பலன். இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவது 4-2-1, நடு ஆர்பிஎம்மில் பலன். எரிப்பு வரிசை 1-3-4-2 என்பதால் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் ஜோடி சேர்ப்பார்கள். ஒன்றின் புகை இன்னொன்றின் வழியில் மோதாமல் இருக்க அதுதான் ஏற்ற ஜோடி. ஊர் ரோட்டில் ஓடும் காருக்கு 4-2-1 தான். நன்றாகச் செய்து, ஈசியூவையும் அதற்கேற்ப டியூன் செய்தால் சில பிஎஸ் உண்மையிலேயே கூடும்.

ஆனால் இன்றைய பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி) கார்களில் கேட் மேனிஃபோல்டோடு ஒட்டியே இருக்கிறது. கேட் வேலை செய்ய 250, 300 டிகிரி சூடு வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் சூடாகட்டும் என்றுதான் எஞ்சினுக்கு அவ்வளவு பக்கத்தில் வைக்கிறார்கள். ஹெட்டர் போட்டால் கேட் போகிறது, அல்லது கீழே தள்ளிப் போகிறது. டிஎஸ்ஐ-யில் ஹெட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது, கழற்றிப் போட ஒன்றுமில்லை. அந்தக் காருக்கு யாராவது ஹெட்டர் விலை சொன்னால் அவர் பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

டர்போ காரில் ஹெட்டருக்குப் பதில் டவுன்பைப். டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய், கேட்டும் அதில்தான். கம்பெனி கேட்டில் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 வரை கண்ணறைகள் இருப்பது வழக்கம். ஸ்போர்ட்ஸ் கேட் என்று விற்பதில் 200 அல்லது 300. தடை குறையும், சுத்திகரிப்பும் குறையும். கேட்டே இல்லாத டவுன்பைப்பும் விற்கிறார்கள், மலிவு அதுதான்.

அதைப் போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அந்தத் தேன்கூடு போன்ற கல்தான் குறைக்கிறது. கேட் இல்லாத காருக்குப் பின்னால் சிக்னலில் ஸ்கூட்டரில் நிற்பவருக்குக் கண் எரியும். உங்கள் காரிலேயே ஏசி போட்டு நின்றால் பெட்ரோல் வாடை உள்ளே வரும். கேட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சர் இதைக் கண்டுபிடித்து பி0420 என்ற பிழைக் குறியீட்டுடன் செக் எஞ்சின் விளக்கைப் போடும். அதை ஏமாற்ற சென்சருக்கு அடியில் ஸ்பேசர் வைப்பது, மென்பொருளில் அந்தச் சோதனையையே அணைப்பது எல்லாம் நடக்கிறது. நாளைக்கு உண்மையிலேயே கோளாறு வந்தால் சொல்வதற்கு ஆள் இருக்காது. இன்னொன்று: கழற்றிய கேட்டை கடையில் விட்டுவராதீர்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழைய இரும்பு விலைக்குப் போகிற பொருள் இல்லை அது. கழற்றுகிற கூலி வேண்டாம், பழசை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று யாராவது சொன்னால் காரணம் புரியும்.

விட்டால் வெடிக்கும் அந்த பாப்ஸ் அண்ட் பேங்ஸ் டியூனுக்கும் இதே பதில்தான். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் பெட்ரோலை ஊற்றி, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, எக்ஸாஸ்ட்டுக்குள் எரிய விடுகிறார்கள். கேட்டின் ஆயுள் அதில் போகிறது, தெருவில் போகிறவர் நெஞ்சும் பதறுகிறது.

டர்போ காருக்கு எக்ஸாஸ்ட்டைத் தொடாமல் பவர்

டிஎஸ்ஐ வைத்திருப்பவர் பவர்தான் வேண்டும் என்றால், குழாய்க்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஈசியூ ரீமேப். ஸ்டேஜ் 1 என்பது கம்பெனி எக்ஸாஸ்ட், கம்பெனி டர்போ எல்லாவற்றையும் அப்படியே வைத்து, டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட்டையும் தீப்பொறியின் டைமிங்கையும் மட்டும் மாற்றுவது. ஒரு மதியத்தில் முடிகிற வேலையில் கிடைக்கும் டார்க், எந்த கேட்பேக்கும் தராத அளவு இருக்கும். சத்தம் துளியும் மாறாது. டவுன்பைப் தேவைப்படுவது ஸ்டேஜ் 2-க்கு. ஊர் ரோட்டுக்கு அது தேவையே இல்லை.

இதிலும் இரண்டு எச்சரிக்கை உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் ஈசியூ மென்பொருள் மாறியது சர்வீஸ் சென்டர் கணினியில் தெரிந்தால் டிடி1 என்று குறி விழும், எஞ்சின் வாரண்டி அதோடு போச்சு. இரண்டாவது கியர்பாக்ஸ். 1.5 டிஎஸ்ஐ-யில் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது டிக்யூ200 என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், 250 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைத்தது. அந்த எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 கொடுக்கிறது. அதில் ரீமேப் போடுவது வரம்பில் நிற்கிற கிளட்ச்சின் மேல் இன்னும் பாரம் ஏற்றுவதாகும். 1.0 டிஎஸ்ஐ-யில் 178-தான் என்பதால் சற்று இடம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கும் அதில் வேறு, டார்க் கன்வெர்ட்டர் வகை.

சட்டம் என்ன சொல்கிறது

இதைத் தனியாக, நேராகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கடையில் யாரும் சொல்வதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தம் பிரிவு 182ஏ-வைச் சேர்த்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் பிரிவு 190(2): முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு. கார்களுக்கான ஒலி வரம்பு, ஓடிக்கொண்டே கடக்கும் சோதனையில் 74 டெசிபல். பல ஊர்களில் பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிறார்கள். இப்போதைக்கு அதில் பெரும்பாலும் பைக் சைலன்சர்கள்தான், ஆனால் சட்டம் காருக்கும் ஒன்றுதான்.

"சத்தம் குறைவாகத்தான் இருக்கு, ஒன்றும் ஆகாது" என்பது நடைமுறையில் பலருக்கு உண்மையாக இருக்கலாம். சட்டப்படி அது பாதுகாப்பு ஆகாது. விபத்து நடந்து சர்வேயர் காரைப் பார்க்க வரும்போது, அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். எனவே மேலே சொன்ன எல்லா வழிகளையும் இந்தக் கோட்டில் நிறுத்திப் பாருங்கள். கம்பெனி எக்ஸாஸ்ட் முழுப் பாதுகாப்பு. கேட் இல்லாத டவுன்பைப் மறு கோடி. நடுவில் உள்ளவை அளவில் வேறு, தன்மையில் ஒன்றே.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது பக்கத்து வீடு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை நிர்ணயித்த ஒலி அளவு 45 டெசிபல். கைக்குழந்தை தூங்குகிற தெருவில், விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிர்ந்து கிடக்கும் காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் 1200, 1500 ஆர்பிஎம்மில் நின்று சில நிமிடம் உறுமும். ஓட்டும்போது வரும் சத்தத்தை விட இதுதான் சண்டையைக் கொண்டு வரும். சத்தம் நமக்குப் பிடித்ததாலேயே அதை ஊர் முழுக்கக் கேட்க வைக்க நமக்கு உரிமை வந்துவிடாது.

ஓட்டுகிறவர் காதுக்கு மட்டும்

எனக்குத் தெருவில் கேட்க வேண்டாம், எனக்கு மட்டும் கேட்டால் போதும் என்பவர்கள் இன்டேக் பக்கம் பார்க்கலாம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஓசை முன்னாலிருந்து வருவதால் ஓட்டுகிறவருக்கு எக்ஸாஸ்ட்டை விட அதுதான் நெருக்கம். கம்பெனி பெட்டிக்குள்ளேயே நல்ல ஃபில்டர் ஒன்றைப் போட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு கனமான உறிஞ்சல் கேட்கத் தொடங்கும். பெட்டியையே கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் வெயிலில் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைக் குடித்து எஞ்சின் சோர்ந்துவிடும்.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கு இதைவிட நேரான வழி உண்டு. கம்பெனியே டியூன் செய்து, சோதனை முடித்து, வாரண்டியோடு தரும் எக்ஸாஸ்ட் உள்ள காரை எடுப்பது. ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஈர்ப்புகளில் ஒன்றாக இருந்ததே இரட்டை வால் எக்ஸாஸ்ட்டும் அதன் ஓசையும்தான். 120 பிஎஸ் டர்போவும் உண்டு. அந்த ஓசை அடக்கமானதுதான், ஆனால் எந்த போலீஸ்காரரும் நிறுத்த மாட்டார்.

தேர்வு செய்து, வேலை கொடுக்கும்போது

டர்போ இல்லாத ஸ்விஃப்ட் என்னுடையதாக இருந்தால் எக்ஸாஸ்ட்டை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுவேன். சத்தம் வேண்டும் என்ற ஆசை அடங்கவே இல்லை என்றால் ரெசொனேட்டரை வைத்துக்கொண்டு நீளமான பின் சைலன்சர், அதுவும் அடக்கமானது. டிஎஸ்ஐ என்றால் வாரண்டி முடியும் வரை எதையும் தொட மாட்டேன். முடிந்ததும் ஸ்டேஜ் 1 ரீமேப், அப்புறம் விருப்பமிருந்தால் கேட்பேக். முழுசாக விரட்ட வேண்டும், ஹெட்டர் வேண்டும், திறந்த குழாய் வேண்டும் என்பவருக்கு ரோடு சரியான இடம் இல்லை. கோவை செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வேயும், இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கும் இருக்கின்றன. அதற்கென்று தனிக் கார் வைத்து, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

வேலை கொடுக்கும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ் 304 (துரு எளிதில் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை) என்று விலை சொன்ன குழாயில் அது ஒட்டக் கூடாது. ஒட்டினால் 409 என்ற இன்னொரு ஸ்டெயின்லெஸ் வகை அல்லது சாதா இரும்பு. வளைத்த இடத்திலும் வெல்டிங்கிலும் லேசாக இழுக்கலாம், நேர்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். 409 மோசமில்லை, கம்பெனிக்காரர்களே நிறையப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 304-இன் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் 304-க்குத்தான் போக வேண்டும். துரு வெளியிலிருந்து மட்டும் வருவதும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் சைலன்சர் சூடாவதற்குள் எஞ்சின் அணைந்துவிடும், அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கும்.

வளைவுகளைத் தடவிப் பாருங்கள். மாண்ட்ரல் வளைப்பில் குழாய் முழுவட்டமாகவே திரும்பும். சாதா வளைப்பில் உள்பக்கம் சுருங்கித் தட்டையாகியிருக்கும், வழி அந்த இடத்தில் குறுகிவிடும். வெல்டிங் ஆர்கானில் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி வயரைக் கழற்றாமல் காரிலேயே வைத்து வெல்டிங் அடிக்க விடாதீர்கள். பம்பர், ஸ்டெப்னி தொட்டி, பிரேக் ஹோஸ் இவற்றிலிருந்து குழாய் விரல் அகலமாவது தள்ளி இருக்க வேண்டும். பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி வேகத்தடையில் இறக்கிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போய் எண்பதிலும் நூறிலும் சற்று நேரம் நிலையாக ஓட்டுங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப்களை மறுபடி இறுக்க வேண்டும், சூட்டில் அவை தளர்ந்திருக்கும். கழற்றிய கம்பெனி சைலன்சரைத் துடைத்து, கோணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். கார் விற்கிற அன்றைக்கு வாங்க வருபவர் அதைக் கேட்பார்.